கூரைக்குக் கீழே ஹூஸ்டன்

டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன், கடலோரச் சமவெளியில் எழுந்த ஊர். மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று கோடை முழுக்க நகரத்தின் மேல் கவிந்து கிடக்கும். மே மாதத்துச் சென்னைப் புழுக்கத்தை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. 1962இல் அந்த ஊருக்கு முதன்முதலாக மேஜர் லீக் பேஸ்பால் அணி ஒன்று கிடைத்தது. தற்காலிகமாகப் போட்ட திறந்தவெளி மைதானத்தில் ஆட்டம். பகலில் ஆடினால் பார்வையாளர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். இரவில் ஆடினால் கொசு. இடைவேளைகளில் ஊழியர்கள் மைதானத்தைச் சுற்றிக் கொசுமருந்து அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில்தான் ஆட வேண்டும் என்ற பழைய வழக்கத்தையே ஹூஸ்டனின் வெயிலுக்காகத் தளர்த்தி, 1963இல் ஞாயிறு இரவு ஆட்டத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த மைதானத்தின் பக்கத்திலேயே பிரம்மாண்டமான ஒரு பள்ளத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உலகில் அதுவரை யாரும் கட்டியிராத ஒன்று அதில் எழப்போகிறது என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள்: பேஸ்பால் ஆட்டம் முழுவதையும் ஒரே கூரைக்குக் கீழே, குளிரூட்டிய காற்றில் நடத்தும் அரங்கம். பின்னாளில் உலகம் அதை ஆஸ்ட்ரோடோம் என்று அறிந்தது. அந்த அரங்கத்தின் வாழ்க்கையை, அது யாருக்குக் கதவைத் திறந்தது, எப்போது திறக்காமல் போனது என்ற கணக்கில் சொன்னால்தான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ராய் ஹாஃப்ஹைன்ஸ் என்பவர் இல்லாமல் இந்தக் கட்டடம் இல்லை. வழக்கறிஞர், வானொலி முதலாளி, இளம் வயதிலேயே ஹாரிஸ் கவுன்டியின் நீதிபதி. அங்கே கவுன்டி நீதிபதி என்பது நிர்வாகத் தலைவர் பதவி. நம் மாவட்ட ஆட்சியருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் இடைப்பட்ட ஒன்று. 1953 முதல் 1955 வரை ஹூஸ்டன் மேயர். ரோமாபுரிக்குப் போனபோது கொலோசியத்தின் மேல் அந்தக் காலத்தில் துணிப்பந்தல் விரித்துப் பார்வையாளர்களுக்கு நிழல் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டதாகவும், அங்கேதான் இந்த யோசனை பிறந்ததாகவும் அவரே சொல்லிவந்தார். பேஸ்பால் நிர்வாகிகளிடம் அவரும் கூட்டாளிகளும் கூரை போட்ட மைதானத்தின் மாதிரியைக் காட்டித்தான் 1960இல் அணியைப் பெற்றார்கள். ஆனால் மைதானம் கட்டப் பணம் மக்கள் பணம். கவுன்டி கடன்பத்திரம் வெளியிட வேண்டும்; அதற்கு வாக்கெடுப்பில் மக்கள் சம்மதம் வேண்டும்.

அன்றைய ஹூஸ்டன் நிறப்பாகுபாட்டில் ஊறிய தென்மாநில நகரம். கறுப்பின மாணவர்கள் 1960இல் உணவகங்களில் உட்கார்ந்து போராட்டம் நடத்தி அப்போதுதான் சில கதவுகளைத் திறக்க வைத்திருந்தார்கள். ஹோட்டல்களில் கறுப்பர்களுக்கு அறை கிடையாது. பழைய மைதானங்களில் அவர்களுக்குத் தனி மூலை. அப்படிப்பட்ட ஊரில் 1961 ஜனவரியில் வாக்கெடுப்பு. கறுப்பின மக்களின் வாக்கு இல்லாமல் ஜெயிக்க முடியாது என்பது ஹாஃப்ஹைன்ஸுக்குத் தெரியும். அந்தச் சமூகத்தின் மதிப்புக்குரிய தலைவர்களில் ஒருவர் குவென்டின் மீஸ், ஒய்.எம்.சி.ஏ. கிளை ஒன்றை நடத்திவந்தவர். ஆதரவு தருகிறோம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார்: இந்த மைதானம் திறக்கும் நாளிலிருந்தே எல்லோருக்கும் ஒன்றாகத் திறக்க வேண்டும், தனி வாசல், தனி இருக்கை என்ற பேச்சே இருக்கக் கூடாது. ஹாஃப்ஹைன்ஸ் ஒப்புக்கொண்டார். வாக்கு விழுந்தது, கடன்பத்திரம் நிறைவேறியது. வெளியூர் அணிகளின் கறுப்பின ஆட்டக்காரர்கள் வந்து தங்க வேண்டுமே என்ற நெருக்கடியில் 1962 வசந்தத்தில் நகரத்தின் பெரிய ஹோட்டல்களும் சத்தமில்லாமல் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டன. அரங்கத்துக்கு அப்போது ஒரு தூண்கூட எழவில்லை. அதற்குள் அது செய்த முதல் காரியம் இது. அதன் பின்னாள் பெருமைகள் எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவதும் இதுதான்.

1962 ஜனவரி 3ஆம் தேதி பூமிபூஜைக்குப் பதிலாக அதிகாரிகள் வரிசையாக நின்று கோல்ட் 45 கைத்துப்பாக்கிகளால் மண்ணில் சுட்டார்கள். அணியின் பெயர் அப்போது அதுதான்: கோல்ட் 45ஸ். விண்வெளி ஆய்வு மையம் ஹூஸ்டனுக்கு வந்ததை ஒட்டி 1964 கடைசியில் அணி ஆஸ்ட்ரோஸ் ஆனது. மைதானம் ஆஸ்ட்ரோடோம் ஆனது. அரசு ஏடுகளில் அதன் பெயர் ஹாரிஸ் கவுன்டி டோம்டு ஸ்டேடியம். கட்டி முடிக்க 3 கோடியே 50 லட்சம் டாலர் அளவுக்குச் செலவானது. பணம் போதாமல் 1962 டிசம்பரில் மறுபடியும் வாக்கெடுப்பு வைத்தார்கள்; மக்கள் மறுபடியும் சரி என்றார்கள்.

ஆடுகளத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கினார்கள். அதன் மேல் 642 அடி அகலத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் எஃகு வலைப்பின்னல் கூரை. நடு உச்சி 208 அடி உயரம். அடித்த பந்து எவ்வளவு எழும்பினாலும் இடிக்காத அளவுக்குக் கணக்கிட்டது. இவ்வளவு பெரிய எஃகுக் கூரை வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், புயல்காற்றில் அசையும். இறுக்கிக் கட்டினால் சுவர் பிளக்கும். அதனால் கூரையின் விளிம்பு வளையத்தைத் தாங்கும் தூண்களில், அது சற்றே நகர்ந்துகொள்ள இடம் விடும் மூட்டுகளை வைத்தார்கள். உள்ளே புல் வளர வேண்டும் என்பதற்காகக் கூரையில் 4,596 அக்ரிலிக் பலகணிகள். 6,600 டன் குளிர்சாதனத் திறன். எல்லா இருக்கைகளுக்கும் சினிமா தியேட்டர் போல மெத்தை. வெளிச்சுவரை ஒட்டி 474 அடி நீளத்துக்கு மின்விளக்குப் பலகை. உள்ளூர் ஆட்டக்காரர் ஹோம் ரன் அடித்தால் அதில் காளைகள் சீறும், துப்பாக்கி வெடிக்கும், அரங்கமே எழுந்து நிற்கும்.

1965 ஏப்ரல் 9. முதல் ஆட்டம், நியூயார்க் யாங்கீஸுடன். நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். டெக்சஸ்காரரான குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வந்து பார்த்தார். மிக்கி மேன்டில் அந்த அரங்கத்தின் முதல் ஹோம் ரன்னை அடித்தார். ஆனாலும் 12 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தில் 2-1 என்று ஹூஸ்டன் வென்றது. மெத்தை இருக்கையில் உட்கார்ந்து, வியர்க்காமல், கொசு கடிக்காமல் பேஸ்பால் பார்த்த முதல் இரவு அது. மீஸ் கேட்டபடி, யாரும் எங்கும் உட்கார்ந்தார்கள்.

பகல் ஆட்டத்துக்கான பயிற்சியில்தான் வில்லங்கம் வெளிப்பட்டது. உயரத்தில் எழும்பிய பந்தைப் பிடிக்கக் களத்தடுப்பாளர்கள் தலையை நிமிர்த்தினால் பலகணிகளின் கண்கூச்சத்தில் பந்து மறைந்துவிடுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். பந்துக்கு ஆரஞ்சு நிறம் அடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கூரைப் பலகணிகள் மேல் வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. இந்த அரங்கத்துக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த பெர்முடாப் புல் அந்த ஆண்டு முழுக்கப் பழுத்துக் காய்ந்தது. மிச்ச ஆட்டங்களை, மண்ணுக்குப் பச்சைச் சாயம் அடித்து ஒப்பேற்றினார்கள்.

அப்போது மான்சான்டோ நிறுவனம் நைலான் இழைகளால் ஒரு செயற்கைப் புல் செய்து, ரோட் ஐலண்டில் ஒரு பள்ளியில் 1964இல் விரித்திருந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லையே என்ற கவலையில் தொடங்கிய ஆராய்ச்சி அது. ஹாஃப்ஹைன்ஸ் அதைக் கொண்டுவந்து 1966இல் ஆஸ்ட்ரோடோமில் விரித்தார். கெம்கிராஸ் என்றிருந்த அதன் பெயர் ஆஸ்ட்ரோ டர்ஃப் ஆனது. ஹூஸ்டனில் புல் செத்ததால் பிறந்த இந்தப் பெயர், பத்தே ஆண்டில் நம் வீட்டு வாசலுக்கும் வந்தது. 1975இல் கோலாலம்பூரில் புல்தரையில் ஆடி உலகக் கோப்பையை வென்ற இந்திய ஹாக்கி அணி, மறு ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 7ஆம் இடத்துக்கு இறங்கியது. ஒலிம்பிக் ஹாக்கியைச் செயற்கைத் தளத்தில் நடத்தியது அதுவே முதல் முறை. மணிக்கட்டின் நெளிவும் சிறு சிறு கடத்தல்களும் நம் ஆட்டம். பந்து வழுக்கி ஓடும் தளத்தில் வேகமும் உடல்பலமும் முன்னுக்கு வந்தன. 1980இல் சென்னைக்காரர் வி. பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வென்றோம். அதன்பின் அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு டோக்கியோ வரை 41 ஆண்டுகள் காத்திருந்தோம். எல்லாப் பழியையும் தரையின் மேல் போட முடியாது. நிர்வாகக் கோளாறுகளும் உண்டு. ஆனால் ஊருக்கு ஒரு செயற்கைத் தளம்கூட இல்லாமல் மண்ணிலும் புல்லிலும் பயின்ற பிள்ளைகளை அந்தத் தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம் என்பதும் உண்மை. எழும்பூரிலும் கோவில்பட்டியிலும் இன்றைக்கு விரித்திருக்கும் நீலத் தளத்தை எந்த நிறுவனம் செய்திருந்தாலும் பிள்ளைகள் டர்ஃப் என்றுதான் சொல்கிறார்கள்.

ஹூஸ்டனுக்குத் திரும்புவோம். பேஸ்பால் அந்த அரங்கத்தின் ஒரு பகுதி வாழ்க்கைதான். திறந்த ஆண்டிலேயே நவம்பரில் பில்லி கிரஹாம் பத்து நாள் நற்செய்திக் கூட்டம் நடத்தினார். 1966 நவம்பரில் முகமது அலி அங்கே கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் வீழ்த்தினார். 1967 பிப்ரவரியில் எர்னி டெரலை வென்றார். அந்த ஆண்டு ஏப்ரலில் அதே ஊரில்தான் வியட்நாம் போருக்குப் படையில் சேர மறுத்துப் பட்டத்தை இழந்தார்.

ஊர்மக்கள் அந்த அரங்கத்தைத் தங்களுடையதாக உணர்ந்தது ரோடியோவில். ஹூஸ்டன் கால்நடைக் கண்காட்சியும் ரோடியோவும் 1966 முதல் 2002 வரை ஒவ்வோர் ஆண்டும் அங்கேதான் நடந்தன. திருவிழாவுக்கு முன்பு டெக்சஸின் பல திசைகளிலிருந்தும் குதிரைகளிலும் கூண்டுவண்டிகளிலும் நாள்கணக்கில் பயணம் செய்து ஆட்கள் நகருக்குள் வருவார்கள். அந்தக் குழுக்களில் பிரெய்ரி வியூ என்ற ஊரிலிருந்து 1957 முதல் வரும் குழு, கறுப்பின மாட்டுக்காரர்களுடையது. சினிமா காட்டாமல் விட்ட கவ்பாய்கள் அவர்கள். பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த கன்றையும் ஆட்டையும் பன்றியையும் கொண்டுவந்து ஏலத்துக்கு நிறுத்துவார்கள். மண் கொட்டி நிரப்பிய அரங்கத் தரையில் கன்றுகளை அவிழ்த்துவிட்டு, சிறுவர் சிறுமியரைத் துரத்திப் பிடிக்க விடுவார்கள். பிடித்து முகக்கயிறு மாட்டி இழுத்து வந்த பிள்ளைக்குச் சொந்தமாகக் கிடாரி வாங்கப் பணம். மாட்டைத் தொட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்கள் யாரும் அந்தக் காட்சியை அன்னியமாக நினைக்க மாட்டார்கள். ரோடியோ முடிந்ததும் கச்சேரி. 1970இல் எல்விஸ் பிரெஸ்லி பாடினார். 1995 பிப்ரவரி 26 அன்று செலினா பாடினார். மெக்சிகோ வழிவந்த டெக்சஸ் குடும்பத்துப் பெண், 23 வயது. அறுபதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். தம் மொழியில், தம் வீட்டுப் பெண் ஒருத்தி நகரத்தின் மிகப் பெரிய மேடையில் பாடுவதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அடுத்த மாதம் 31ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் தலைமுறைக்கு ஆஸ்ட்ரோடோம் என்றால் இன்றும் செலினாதான்.

1968 ஜனவரி 20 இரவை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லூரிக் கூடைப்பந்து அப்போது உள்ளூர் ஜிம்முக்குள் நடக்கும் ஆட்டம். ஹூஸ்டன் பல்கலைக்கழகம், 47 ஆட்டங்களாகத் தோற்காத யு.சி.எல்.ஏ. அணியை ஆஸ்ட்ரோடோமுக்கு அழைத்தது. மரத்தளத்தை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கொண்டுவந்து மைதானத்தின் நட்டநடுவில் போட்டார்கள். பார்வையாளர்களுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே வெறும் தரையே ஏராளம். இருந்தும் 52,693 பேர் வந்தார்கள். லூயிசியானாவின் சிற்றூரான ரேவில்லிலிருந்து வந்த எல்வின் ஹேய்ஸ் ஹூஸ்டன் பக்கம். அந்தப் பல்கலைக்கழகம் கூடைப்பந்துக்குச் சேர்த்த முதல் கறுப்பின மாணவர்கள் இருவரில் ஒருவர். எதிரணியில் லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார். ஹேய்ஸ் 39 புள்ளி எடுத்தார். 71-69 என்று ஹூஸ்டன் வென்றது. சில ஆண்டுகளுக்கு முன்வரை கறுப்பின இளைஞனுக்கு ஹோட்டல் அறை தராத நகரம் அந்த இரவில் ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. கல்லூரிக் கூடைப்பந்தின் வழக்கமான பருவ ஆட்டம் ஒன்று நாடு முழுக்க இரவு நேரத்தில் நேரடியாக ஒளிபரப்பானதும் அன்றுதான் முதல் முறை. இரண்டு மாதம் கழித்து யு.சி.எல்.ஏ. 101-69 என்று பழிதீர்த்துக்கொண்டது; அதை ஹூஸ்டனில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

1973 செப்டம்பர் 20இல் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங். எதிரே 55 வயது பாபி ரிக்ஸ், முன்னாள் விம்பிள்டன் சாம்பியன். பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்துக்கு ஈடாகாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த மே மாதத்தில் மார்கரெட் கோர்ட்டைத் தோற்கடித்தும் காட்டியவர். பெண் வீராங்கனைகளுக்கான சங்கத்தைத் தொடங்கி, சம பரிசுக்காகப் போராடிக்கொண்டிருந்த கிங்குக்கு அன்று தோற்க வழியே இல்லை. 6-4, 6-3, 6-3 என்று வென்றார். டென்னிஸ் பார்க்க 30,472 பேர் திரண்டது அதுவரை அமெரிக்காவில் நடக்காதது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில். அதைச் சர்க்கஸ் என்று அன்று எழுதியவர்கள் உண்டு. விளம்பரமும் ஆர்ப்பாட்டமும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்த்த மறுநாள் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்த சிறுமிகளுக்கு அது சர்க்கஸ் ஆக இருக்கவில்லை.

ஊருக்கும் அரங்கத்துக்கும் இருந்த ஒட்டுதலைக் காட்ட இரண்டு இரவுகள் போதும். 1976 ஜூன் 15இல் ஹூஸ்டன் மழையில் மிதந்தது. கூரைக்குள் ஒரு சொட்டு இல்லை, இரு அணிகளும் வந்துவிட்டன. நடுவர்களால் வெள்ளத்தைக் கடந்து வர முடியவில்லை. ஆட்டம் ரத்து. எப்படியோ வந்து சேர்ந்த இருபது பேர் அளவிலான ரசிகர்களுக்கு அரங்கத்திலேயே சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். 1980 ஜனவரியில் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி பிட்ஸ்பர்க்கில் அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தில் தோற்றுத் திரும்பியது. தோற்ற அணியை வரவேற்க அன்றிரவு அரங்கம் நிரம்பி வழிந்தது. பயிற்சியாளர் பம் பிலிப்ஸ் அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பேச எழுந்தபோது, ஜெயித்த ஊர்களில்கூடக் கேட்க முடியாத ஆரவாரம்.

அந்த அன்பை அணியின் முதலாளி மதிக்கவில்லை. 1987இல், இருக்கைகளைக் கூட்டாவிட்டால் அணியை ஜாக்சன்வில்லுக்குக் கொண்டுபோவேன் என்று மிரட்டினார். கவுன்டி 6 கோடியே 70 லட்சம் டாலர் கடன் வாங்கிப் பத்தாயிரம் இருக்கை சேர்த்தது. அதற்கு இடம் வேண்டி, ஊர்க்குழந்தைகள் எல்லாம் பார்த்து வளர்ந்த அந்த 474 அடி விளக்குப் பலகையைக் கழற்றினார்கள். பத்தாண்டு ஆவதற்குள் அணி டென்னசிக்குப் போய்விட்டது. அது போய்ப் பல ஆண்டுகள் கழித்தும் ஹாரிஸ் கவுன்டி மக்கள் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தனியார் அணிக்காகப் பொதுப்பணத்தில் மைதானம் கட்டும் வழக்கத்தில் உள்ள அநீதிக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பேஸ்பால் அணி 2000இல் நகரமையத்தில் புது மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. 2002இல் பக்கத்திலேயே திறந்து மூடும் கூரையோடு வேறு அரங்கம் எழுந்தது. அந்த மார்ச்சில் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் கச்சேரியோடு ரோடியோவும் விடைபெற்றது. ஹாஃப்ஹைன்ஸ் இதையெல்லாம் பார்க்க இல்லை. பக்கவாதமும் கடனும் சேர்ந்து அவர் கையிலிருந்து எல்லாம் நழுவி, 1982இல் இறந்துபோனார்.

இனி வேலையில்லை என்று எல்லோரும் நினைத்த கட்டடத்துக்கு அதன் மிகப் பெரிய வேலை 2005இல் வந்தது. ஆகஸ்ட் 29இல் கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸின் தடுப்புக்கரைகள் உடைந்து நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. போக்கிடம் இல்லாதவர்கள் சூப்பர்டோம் அரங்கத்தில் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். ஆஸ்ட்ரோடோமைப் பார்த்து, அதைவிடப் பெரிதாக 1975இல் திறந்த அரங்கம் அது. காற்றில் அதன் கூரை கிழிந்தது. மின்சாரம் இல்லை, கழிவறைகள் நிரம்பின. ஆகஸ்ட் 31இல், அவர்களை எங்களிடம் அனுப்புங்கள் என்றது டெக்சஸ். சுமார் 560 கிலோமீட்டர் தொலைவு. பேருந்துகள் இரவும் பகலும் வந்துகொண்டே இருந்தன. தங்கை வீடு இடிந்தால் பிள்ளைகள் அக்கா வீட்டுக்குத்தானே வருவார்கள், அப்படி வந்தார்கள்.

ஏற்பாட்டுக்குக் கிடைத்தது ஒரே நாள். மேன்டில் ஹோம் ரன் அடித்த, கிங் வென்ற தரை முழுக்க மடக்குக் கட்டில்கள். ஆட்டக்காரர்களின் அறைகளில் இருந்த ஷவர்களில் மக்கள் பல நாள் அழுக்கைக் கழுவினார்கள். ஆஸ்ட்ரோடோமும் பக்கத்துக் கண்காட்சி அரங்குகளும் சேர்த்து 25,000 பேருக்கு மேல் தங்கினார்கள். அரசு மருத்துவமனைகளின் மருத்துவர்களும் பேய்லர் மருத்துவக் கல்லூரியினரும் சில மணி நேரத்தில் பக்கத்து அரங்கில் முழு மருத்துவமனையே நிறுவினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் அங்கே நடந்தன. தபால் துறை அந்த முகவரிக்கென்று 77230 என்று தனி அஞ்சல் எண் கொடுத்தது. காணாமல்போன அம்மாவையும் பிள்ளையையும் தேடும் சீட்டுகள் சுவரெங்கும் ஒட்டியிருந்தன. செய்தி சொல்ல ஒரு சிறு வானொலி நிலையம் தொடங்கியது. பிள்ளைகளை ஹூஸ்டன் பள்ளிகளில் சேர்த்தார்கள். பல்லாயிரம் உள்ளூர்க்காரர்கள் போர்வையும் சோறும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கூட்டத்தில் வயிற்றுப்போக்கு பரவியது, தனிமை கிடையாது, சொந்த மண்ணை இழந்த துக்கம் ஒரு கட்டிலில் ஆறிவிடாது. இருந்தாலும் உயிரோடு, கூரைக்குக் கீழே, பெயர் சொல்லி அழைக்கும் மனிதர்களுக்கு நடுவே இருந்தார்கள். செப்டம்பர் மூன்றாம் வாரம் ரீட்டா புயல் ஹூஸ்டனை நோக்கி வந்தபோது மிச்சம் இருந்தவர்களை வேறு மாநிலத்துக்கு அனுப்பினார்கள். பல்லாயிரக்கணக்கான நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் ஹூஸ்டனிலேயே தங்கி அந்த ஊர்க்காரர்களாகிவிட்டார்கள்.

நான்கே ஆண்டில் அந்தக் கதவு மூடியது. தீப்பாதுகாப்பு விதிகளுக்குக் கட்டடம் ஒத்துவரவில்லை என்று 2009 முதல் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 2013 நவம்பரில், 21 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் கண்காட்சிக் கூடமாக மாற்றலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள்; 53க்கு 47 என்ற விகிதத்தில் மக்கள் வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. போன அணிக்காக வாங்கிய கடனைக் கட்டி அலுத்தவர்கள் அவர்கள். அதே மாதம் பழைய இருக்கைகளை விற்பனைக்கு வைத்தபோது மக்கள் நீண்ட வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். வாக்குச் சீட்டில் இல்லாத பாசம் அந்த வரிசையில் இருந்தது. 2014இல் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்த்தார்கள். 2017இல் மாநிலத் தொல்சின்னம் ஆனது. இனி டெக்சஸ் வரலாற்று ஆணையத்தின் சம்மதம் இல்லாமல் இடிக்க முடியாது. 2018இல் கவுன்டி நீதிபதி எட் எம்மெட் காலத்தில், 10 கோடியே 50 லட்சம் டாலரில் தரையை உயர்த்தி, கீழே வண்டி நிறுத்துமிடமும் மேலே பொது அரங்கமும் ஆக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார், திட்டம் நின்றது. 2024இல் ஆஸ்ட்ரோடோம் பாதுகாப்பு அமைப்பு நூறு கோடி டாலர் அளவில் இன்னொரு திட்டத்தை முன்வைத்தது.

இதற்கிடையில் 2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் வந்தது. இந்த முறை மூழ்கியது ஹூஸ்டனே. வீடு இழந்தவர்களுக்கு ஆஸ்ட்ரோடோமுக்குப் பக்கத்துக் கண்காட்சிக் கூடத்தில் 10,000 பேர் தங்கும் முகாம் திறந்தார்கள். நியூ ஆர்லியன்ஸுக்குக் கதவு திறந்த அரங்கம், தன் சொந்த ஊர் மூழ்கியபோது பூட்டிக் கிடந்தது. இதற்குப் பிறகும் அதைச் செலவுக் கணக்காக மட்டும் பேசுவது தவறு. எஃகு உறுதியாக இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இடிக்கவும் அந்தப் பள்ளத்தை நிரப்பவும் பெருந்தொகை வேண்டும். புயல்கள் நிற்கப்போவதில்லை. வளைகுடாக் கரையில் இருக்கும் ஒரு நகரத்துக்கு, ஆண்டில் பதினோரு மாதம் சந்தையாகவும் விளையாட்டுக் கூடமாகவும் இருந்து, அவசரத்தில் பதினைந்தாயிரம் பேருக்குக் கூரையாகக்கூடிய இடம் ஆடம்பரம் இல்லை.

ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லாந்தில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது; பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தமிழ்ப் பெற்றோர் பலரும் அங்கே போய் வருகிறார்கள். போகிறவர்கள் ஒருநாள் நகரமையத்திலிருந்து சிவப்புத் தட ரயிலில் ஏறி, ஸ்டேடியம் பார்க் ஆஸ்ட்ரோடோம் நிறுத்தத்தில் இறங்கி அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். உள்ளே விட மாட்டார்கள். உங்கள் பிள்ளைகள் ஹாரிஸ் கவுன்டியில் வாக்குரிமை பெற்றவர்கள் என்றால், அடுத்த முறை வாக்கெடுப்பு வரும்போது அதைத் திறக்க வாக்களிக்கச் சொல்லுங்கள்.